கீழே கடை, மேலே வீடு: பழைய தெருவில் ஒரு புதுக் கட்டிடம்

மீஞ்சூருக்கு வட காஞ்சி என்றும் பெயர் உண்டு. காஞ்சிபுரத்தைப் போலவே இங்கும் ஏகாம்பரநாதர் இருக்கிறார், வரதராஜப் பெருமாளும் இருக்கிறார். வண்டலூரில் புறப்படும் 62 கிலோமீட்டர் சென்னை வெளிவட்டச் சாலை வந்து முடிவதும் இந்த ஊர்ப் பக்கம்தான். கிழக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம், அதே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலும், திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையும் ஊரைத் தொட்டுக்கொண்டு போகின்றன. தொழிற்சாலை வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு வேண்டும், சாப்பாட்டுக்கடை வேண்டும், மருந்துக்கடை வேண்டும். அந்த நெருக்கடி வந்து விழுவது கோயிலையும் ஸ்டேஷனையும் ஒட்டிய பழைய தெருக்களின் மேல்.

சிஎம்டிஏ என்று எல்லாரும் சொல்லும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், புதுநகர் வளர்ச்சித் திட்டம் போட எடுத்துக்கொண்ட ஊர்களில் மீஞ்சூரும் ஒன்று. திருமழிசை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகியவை மற்றவை. அப்படியானால் அடுத்த இருபது ஆண்டில் இந்தத் தெருக்களில் இடித்துக் கட்டுவது நடக்கத்தான் போகிறது. நடக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இடம் அவர்களுடையது, கடன் அவர்கள் வாங்கியது, பிள்ளைகள் அவர்களுடைய பிள்ளைகள். எப்படிக் கட்டுவது என்பது மட்டும் தெருவில் குடியிருக்கும் எல்லாருடைய விஷயம். இந்தச் சொற்பொழிவு அந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டிடத்தை இப்போது விளம்பரங்களில் 'மிக்ஸட் யூஸ்' என்று போடுகிறார்கள். சிஎம்டிஏ-வின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் வந்தபோது கலப்புக் குடியிருப்பு என்றே ஒரு மண்டலம் வகுத்தது. தமிழ்நாட்டுக் கடைத்தெருவுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. முன்னால் திண்ணை, அதை ஒட்டி ரேழி, நடுவில் முற்றம், பின்னால் அடுக்களையும் கிணறும் என்று நீளவாக்கில் போகும் வீட்டில், திண்ணைதான் முதலில் கடையாயிற்று. வியாபாரம் பெருகியதும் முன்கட்டு முழுவதும் கடையாகி, குடும்பம் மாடிக்குப் போயிற்று. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருந்ததால் தெரு ஒரே வரிசையாக நின்றது. வெயிலோ மழையோ, நடந்து போகிறவருக்கு ஒதுங்க ஓர் இடம் எப்போதும் இருந்தது.

இன்று அதே மனையில் வரைபட அனுமதி வாங்கி எழும் கட்டிடம் பெரும்பாலும் வேறு விதமாக நிற்கிறது. விதிப்படி முன்னால் செட்பேக் என்று காலி இடம் விடுகிறார்கள். அந்த இடம் மோட்டார் சைக்கிள் நிறுத்தமாகிறது. பக்கங்களில் மூன்றடி, நாலடி விட்டதில் குப்பை சேர்கிறது. தரைத்தளம் தூண்களின் மேல் தூக்கி நிறுத்திய ஸ்டில்ட் பார்க்கிங். கார் ஏற ஒரு சறுக்கு, அது நடைபாதையை வெட்டிக்கொண்டு சாலைக்கு இறங்குகிறது. மேலே முகப்பு முழுக்க அலுமினிய ஏசிபி தகடும் நீலக் கண்ணாடியும். இவற்றில் எதுவும் சட்டமீறல் இல்லை. ஒவ்வொன்றும் விதி கேட்டபடி நடந்ததுதான். அடுத்தடுத்து பத்து மனையில் இப்படி நடந்துவிட்டால் அங்கே கட்டிடங்கள் இருக்கும், தெரு இருக்காது.

பழைய தெருவைக் காப்பாற்றுவது என்றாலே பலருக்கும் முதலில் தோன்றுவது உயரக் கட்டுப்பாடு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் கட்டிடம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. சுமார் 52 மீட்டர் உயரமுள்ள தெற்குக் கோபுரம் மறையாமல் இருப்பதற்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்த விதி கோபுரத்தைப் பற்றியது, தெருவைப் பற்றியதில்லை. சித்திரை வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் 9 மீட்டருக்குள்ளேயே ஜன்னல் இல்லாத தகடுப்பெட்டி ஒன்றைக் கட்டி, முகப்பு முழுக்க விளம்பரப் பலகையால் மூடிவிட்டால் உயர விதி ஒன்றும் சொல்லாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 2010இல் திருத்திய சட்டப்படி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அதுவும் சின்னத்தைக் காக்கிற சட்டம். அந்தப் பட்டியலில் இல்லாத ஆயிரக்கணக்கான கோயில்களின் தெருக்களுக்கு அதில் எதுவும் இல்லை. தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் சட்டசபையில் நிறைவேறியும் நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று.

சென்னை அண்ணா சாலையில் ஸ்பென்சர் இருந்த இடத்தைப் பார்த்தால் உயரத்தையும் அலங்காரத்தையும் தாண்டிய ஒன்று விளங்கும். 1895இல் போக்சன் என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்த இந்தோ சாரசெனிக் கட்டிடம், 1983இல் தீயில் போயிற்று. அந்த இடத்தில் 1991இல் ஸ்பென்சர் பிளாசா வந்தது. கடை, அலுவலகம் எல்லாம் சேர்ந்த பெரிய வளாகம். சென்னைக்கு மால் என்பதைப் பழக்கியதே அதுதான். நூற்றுக்கணக்கான கடைகள் உள்ளே ஒரு முற்றத்தைப் பார்த்து நின்றன, சாலைக்கு முதுகைக் காட்டின. அண்ணா சாலையில் நடக்கிற ஒருவருக்கு அந்த நீண்ட முகப்பில் எட்டிப் பார்க்க ஒரு கடைவாசல் கிடைப்பது அரிதாயிற்று. கடையும் அலுவலகமும் கலந்திருந்தது கட்டிடத்துக்குள்ளேதான். தெருவுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

புதுச்சேரி இதற்கு நேர்மாறான பாடம். 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய ஊரைப் பிரெஞ்சுக்காரர் சில ஆண்டுகளில் மறுபடி எழுப்பினார்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே அவர்கள் வீடுகள்: உயர்ந்த மதில், உள்ளே தோட்டம். மேற்கே தமிழர் தெருக்கள்: சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், திண்ணை, திண்ணைக்கு முன்னால் மரத்தூண்களில் நிற்கும் ஓட்டுத் தாழ்வாரம். வீட்டுக்காரர் செலவில் கட்டிய அந்தத் தாழ்வாரத்தின் நிழல் தெருவில் போகிற வருகிற யாருக்கும் உரியது. காலப்போக்கில் மாடி எழுந்தபோது தமிழ் வீட்டின் மேல் பிரெஞ்சு மாடி வந்தது. கீழே செதுக்கிய கதவும் மரத்தூணும், மேலே வளைவு ஜன்னலும் சுதைப் பட்டைத்தூணும். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அந்த அழிவுக்கு முன்பே, 1738வாக்கில், அப்படித்தான் எழுந்தது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து நாட்குறிப்பு எழுதிய அதே பிள்ளை. இன்றைய கண்ணோட்டத்தில் அது இரண்டு பாணியைக் கலந்து ஒட்டிய கட்டிடம். தெருவில் நின்று பார்த்தால் துளியும் உறுத்தவில்லை. மேலே எந்தப் பாணியும் வரலாம், கீழ்த்தளம் தெருவோடு பேசுகிறதா என்பதுதான் கணக்கு என்பதற்கு 280 ஆண்டுக்கு மேற்பட்ட சாட்சி அது.

அந்தத் தெருக்களும் அழிந்துகொண்டுதான் இருந்தன. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் 1990களில் புதுச்சேரியில் 1,800க்கு மேற்பட்ட பாரம்பரியக் கட்டிடங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பல நூறு கட்டிடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ்-சுர்-லோ ஆகிய இரண்டு நகரங்கள் புதுச்சேரியோடு கைகோத்தன. இன்டாக் பொறுப்பில், மகாத்மா காந்தி சாலைக்கும் மிஷன் வீதிக்கும் நடுவிலுள்ள வைசியாள் வீதி மாதிரித் தெருவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கால்வே சுப்பராயச் செட்டித் தெரு என்பது அதன் இன்னொரு பெயர். ஒரு வீடு, ஒரு மாளிகை என்று தேர்ந்தெடுக்காமல் வரிசையாக முகப்புகளைச் சீர்செய்தார்கள். செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். போய்விட்ட தாழ்வாரங்களை மறுபடி கட்டினார்கள். நடுவில் புதிதாக வந்து வரிசையைக் கெடுத்து நின்ற கான்கிரீட் வீடுகளை அவர்கள் இடிக்கவில்லை. அவற்றின் முகப்புக்கும் தாழ்வாரமும் கைப்பிடிச்சுவர்க் கோடும் கொடுத்து வரிசையில் சேர்த்தார்கள். மீஞ்சூருக்கு மிகவும் வேண்டிய பாடம் இதுதான்: ஏற்கெனவே பிசகிப்போன கட்டிடத்தையும் தெருவுக்குள் இழுத்துக்கொள்ள முடியும். அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது ஒன்று கிடைத்தது.

அதே ஊரில் இன்னொரு வழியும் நடந்தது. 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி என்ற நகராட்சிக் கட்டிடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவிலேயே அதைத் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். கடற்கரைச் சாலையின் முகமாக இருந்த பொதுக்கட்டிடத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் ஒரு மளிகைக்கடையும் நாலு வாடகை வீடும் கட்டப் போகிறவர் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஃபைபரில் வார்த்த செட்டிநாட்டுத் தூணும், சிமென்டில் பிடித்த யாளியும் பழைய தெருவுக்கு மரியாதை ஆகிவிடாது.

பழைய பாணியைப் பின்பற்றாமலே தெருவை மதிக்கலாம் என்பதற்குச் சென்னைப் பாரி முனையில் நிற்கும் டேர் ஹவுஸ் நல்ல சான்று. எதிரே 1892இல் திறந்த செங்கல் சிவப்பு உயர் நீதிமன்றம், குவிமாடமும் வளைவுமாக. 1940இல் பாரி கம்பெனி தன் புதுத் தலைமையகத்தை ஆர்ட் டெகோ பாணியில், சாரசெனிக் சாயல் எதுவும் இல்லாமல் கட்டியது. ஆனால் இரண்டு சாலை கூடும் முனையில் கட்டிடத்தை வளைத்துத் திருப்பி, நடைபாதையின் விளிம்பிலேயே நிறுத்தினார்கள். அந்தச் சந்திப்புக்குப் பாரி முனை என்ற பெயரையும் அந்தக் கட்டிடத்தையும் பிரித்து நினைக்க இன்று முடிவதில்லை. புதுக்காலத்துக் கட்டிடம் பழைய தெருவில் இடம் பிடித்தது முனையை மதித்ததால்.

தமிழர் கடைத்தெரு கடல் கடந்தும் போயிருக்கிறது. அங்கே நடந்ததையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கு 1822இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலேயே, தெருவை ஒட்டிய ஒவ்வொரு கட்டிடமும் முன்னால் மூடிய நடைவழி விட வேண்டும், அது தொடர்ச்சியாக, எல்லாருக்கும் திறந்து இருக்க வேண்டும் என்று இருந்தது. ஐந்தடி நடைபாதை என்று பெயர் பெற்றது அதுதான். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் அந்த நடைபாதை. இந்தக் கடைவீடுகளின் வரிசைதான் சிராங்கூன் சாலையின் லிட்டில் இந்தியா. 1989 ஜூலை 7 அன்று சைனாடவுன், கம்போங் கிளாமோடு சேர்த்து அதைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தார்கள். பாதுகாக்கப்பட்ட வீடுகளுக்கு இடையே காலிமனை இருந்தால் அங்கே புதுக் கட்டிடம் எழலாம். அதற்கு உயரம், பக்கச் சுவரோடு ஒட்டி நிற்பது, ஐந்தடிப் பாதையைத் தொடர்வது என்று புற வடிவத்தின் எல்லைகளை மட்டும் வகுத்தார்கள். உள்ளே என்ன செய்வது என்பது உரிமையாளர் விருப்பம். 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் நாலு மாடி, இன்றைய பாணி. படிக்கிணற்றை நினைத்து வரைந்த முகப்பு. இரவில் உள்ளிருக்கும் சுவரோவியம் கண்ணாடிக்கு ஊடாகத் தெரியும். சின்னச் சின்னக் கடைவீடுகளுக்கு நடுவே அது தாராளமாக நிற்கிறது.

தாழ்வாரம் கட்டினால் மட்டும் போதாது என்பதற்கு ஜெய்ப்பூர் எச்சரிக்கை. 1727இல் தொடங்கிய அந்த நகரத்தின் கடைவீதிகளில், 1940களில் மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த காலத்தில் கடைகளுக்கு முன் தொடர்ச்சியாகத் தாழ்வாரம் எழுந்தது. நாளடைவில் கடைக்காரர்கள் ஆளுக்கொரு துண்டாக அடைத்துச் சரக்கு அடுக்கிக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டுவாக்கில் நிர்வாகம் இறங்கி அவற்றைத் திறக்க வேண்டியிருந்தது. அடைக்கவே இடம் தராத ஒரு சட்டம் முதலிலேயே வேண்டும். தாழ்வார இடம் மனைப்பட்டாவில் உரிமையாளர் பெயரிலும், பயன்பாட்டில் ஊரார் பெயரிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி மீஞ்சூர்க் கணக்கு. இந்த அவையில் மனை வைத்திருப்பவர்கள் கேட்கப் போவது ஒன்றுதான்: தெருவுக்காக இவ்வளவையும் பார்த்தால் எங்களுக்குச் சதுர அடி குறையாதா?

20 அடி அகலம், 100 அடி நீளமுள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளலாம். 2,000 சதுர அடி. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி பல மாடிக் கட்டிடம் அல்லாத சாதாரணக் கட்டிடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. ஆக 4,000 சதுர அடி கட்டலாம். தெரு விளிம்பிலிருந்து 40 அடி ஆழத்துக்குக் கடையும் அதன் மேல் ஒரு மாடியும்: 800 வீதம் இரண்டு தளம், 1,600. அதற்குப் பின் 20 அடி ஆழத்துக்கு வானம் பார்த்த முற்றம். அதன் பின் 30 அடி ஆழத்தில் தரையோடு சேர்த்து நாலு தளம்: 600 வீதம் 2,400. கடைசியில் பின்புறம் 10 அடி காலி. மொத்தம் 4,000 சதுர அடி. ஒரு அடியும் குறையவில்லை.

தெருவில் இது எப்படித் தெரியும்? தெரு 30 அடி அகலம், முன்கட்டு கைப்பிடிச்சுவரோடு 24 அடி உயரம் என்று கொண்டால், எதிர்ச்சாரியில் நிற்பவரின் கண்ணிலிருந்து முன்கட்டின் உச்சி வழியாகப் போகும் பார்வைக்கோடு, பின்கட்டு தொடங்கும் இடத்தில் சுமார் 62 அடி உயரத்தில் கடந்து போகும். நாலு தளப் பின்கட்டு 45 அடியைத் தாண்டாது. அதாவது, நேர் எதிரே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்து வீடு ஓட்டு வீடாக இருக்கும்வரை சாய்வாகப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். அந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம். முன்னால் ஒரு மாடித் தெருவரிசை அப்படியே நிற்கும், பின்னால் குடும்பங்கள் குடியிருக்கும். நடுமுற்றம் இரண்டு கட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் தரும். நம் வீடுகள் நீளவாக்கில் முற்றம் வைத்து வளர்ந்த முறைதான் இது, மின்தூக்கியும் கழிவுநீர்க் குழாயும் சேர்த்து.

தடை எங்கே இருக்கிறது? முதலாவது, பக்க இடைவெளி. தொடர்கட்டிடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கத்தில் இடம் விடாமல் சுவரோடு சுவர் கட்டலாம் என்பது விதியிலேயே உண்டு. கோயிலைச் சுற்றிய வீதிகளும் கடைத்தெருவும் அந்த அறிவிப்புக்குள் வர வேண்டும். இரண்டாவது, முன் இடைவெளி. அதைக் காலி இடமாக விடச் சொல்லாமல், மேலே மாடி வர, கீழே தாழ்வாரமாக விட அனுமதிக்க வேண்டும். அந்தத் தாழ்வாரப் பரப்பைத் தளக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்தச் சலுகை இல்லாமல் யாரும் மனமுவந்து தாழ்வாரம் விடமாட்டார்கள். மூன்றாவதும் பெரியதும் கார் நிறுத்தம். 20 அடி மனையில் ஸ்டில்ட் வைத்தால் கடைக்கு இடமில்லை, கடை போனால் தெருவே போயிற்று. வீட்டுக்கு வீடு கார் நிறுத்த இடம் கேட்பதை விட்டு, அதற்கு ஈடாக ஒரு கட்டணம் வாங்கி ஸ்டேஷன் பக்கம் பொது நிறுத்தம் ஒன்று கட்டுவது பேரூராட்சியால் முடிகிற காரியம்.

மூன்று நாலு மனைகளை ஒருவரே வாங்கி ஒன்றாக்கினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவைக்க வேண்டும். 60 அடி முகப்பு வந்தாலும் அதை 20 அடிக்கு ஒரு வாசலாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். மாடிக்குப் போகும் படிக்கதவு தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் கடை மூடிய பிறகும் அந்த இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். ஷட்டர் தூண்வரிசைக்கு உள்ளே இறங்க வேண்டும். பெயர்ப்பலகை ஷட்டருக்கு மேலுள்ள பட்டையோடு நின்றுவிட வேண்டும், மாடி ஜன்னலை மறைக்கக் கூடாது. இது அழகுக்காக மட்டும் சொல்வது என்று நினைக்க வேண்டாம். 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று பற்றி எரிந்தபோது, புகை வெளியேற வழியில்லாத மூடிய முகப்பு தீயணைப்பு வேலையை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதை ஊரே பார்த்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்து, மிச்சத்தையும் இடிக்க நேர்ந்தது. திறக்கிற ஜன்னல் உள்ள முகப்பு உயிர் காக்கும்.

திண்ணையும் தாழ்வாரமும் வேண்டும் என்பதற்கு, இது உற்சவம் நடக்கிற தெரு என்பது இன்னொரு காரணம். சுவாமி புறப்பாட்டில் கூட்டம் நிற்பது வீடுகளின் முன்னால். திண்ணையும் தாழ்வாரமும் இருந்தவரை பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். கார் ஏறும் சறுக்கும் கம்பிக்கதவும் வந்த இடத்தில் அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

புதுநகர் வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி பொதுமக்களின் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்கப்படும். அதற்குள் ஒரு வேலையைச் செய்து வைக்க வேண்டும். மீஞ்சூரில் இருக்கும் பள்ளி மாணவர்களும் ஓய்வுபெற்ற சர்வேயர்களும் சேர்ந்து, கோயில் வீதிகளிலும் கடைத்தெருவிலும் ஒவ்வொரு வீட்டின் முகப்பு அகலம், கைப்பிடிச்சுவர் உயரம், திண்ணை ஆழம், சாலையின் அகலம் ஆகியவற்றை டேப் வைத்து அளந்து ஒரே தாளில் வரைய வேண்டும். பின்னர் அந்த வரைபடத்தை இணைத்து மூன்று கோரிக்கை எழுத வேண்டும்: தொடர்கட்டிடப் பகுதி அறிவிப்பு, தளக் கணக்கில் சேராத தாழ்வாரம், பொதுக் கார் நிறுத்தம். தமிழிலேயே எழுதலாம். எத்தனை பேர் கையெழுத்து வைக்கிறார்களோ அத்தனை நல்லது. மனை வைத்திருப்பவர்களும் வாடகைக்குக் கடை நடத்துபவர்களும் ஒரே மனுவில் சேர்ந்து வைக்க வேண்டும்.